பென்ஷன் வாங்கிய ஓடம்

பிள்ளைகளா, நம் ஆற்றுத் துறையில் ஓடம் முழுகின கதையை உங்க ஆத்தா ஒரு மாதிரி சொல்வாள். உங்க தாத்தா, அதாவது என் மாமனார், வேறு மாதிரி சொல்வார். ரெண்டு பேருமே அன்றைக்கு அக்கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். ஓடத்துக்குள்ளே இருந்தவன் நான். அதனால் என் பேச்சைத்தான் நம்ப வேண்டும். நான் அஞ்சாங்கிளாஸ் படித்தவன். எழுத்தில் பிசகு இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தில் இல்லை.

நம் ஊருக்கும் உங்க ஆத்தா பிறந்த ஊருக்கும் நடுவில் முல்லையாறு. கோடையில் அது ஒரு ஆறு என்று சொன்னால் ஆறே சிரிக்கும். முழங்கால் தண்ணீரில் எருமை படுத்திருக்கும், அதன்மேல் கொக்கு நின்றிருக்கும், நாம் வேட்டியை மடித்துக்கொண்டு நடந்து போய்விடலாம். மேற்கே மழை பிடித்து, பெரியாற்றுத் தண்ணீரும் சேர்ந்து இறங்கிவிட்டால் அதே ஆறு ஆளை விழுங்கும். பாலத்தைச் சுற்றிப் போவதென்றால் விடியலில் வண்டி கட்டினாலும் உச்சிப்பொழுது தாண்டிவிடும். அதனால்தான் ஊர்ப்பொதுவில் ஒரு ஓடம் இருந்தது. இக்கரை மருத மரத்திலிருந்து அக்கரை மருத மரத்துக்கு ஒரு வடக்கயிறு கட்டியிருக்கும். ஓடக்காரர் அந்தக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, ஓடம் நகரும்.

அந்த ஓடம் இந்தச் சீமையில் பிறந்ததில்லை. எங்க அப்பன்மார் காலத்தில் குமுளி மலையேறி மலையாளத்துக்கு அரிசி கொண்டுபோவார்கள். ஒரு தடவை அரிசியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவதா என்று அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. சும்மா வருகிற வண்டியைப் பார்த்தால் நம் ஆட்களுக்குப் பொறுக்காது. அதனால் அங்கே காயல் என்கிற உப்பங்கழியில் ஓடிக் கழித்த பழைய வள்ளம் ஒன்றை வாங்கி, ரெண்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். மலை ரோட்டில் ஓடம் இறங்கி வருவதைப் பார்த்த சுங்கச்சாவடிக்காரன், "இதுக்கு எதுண்டு வரி போட? மரமா, வண்டியா?" என்று முழித்தானாம். "போட்டுப் பாரு சாமி, எங்களுக்கும் தெரியலே" என்றார்களாம் நம் ஆட்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிட்டான்.

வந்த நாளிலிருந்து அந்த ஓடத்துக்கு ரெண்டு குணம். ஒன்று, இடது பக்கமாகவே இழுக்கும். ஊரில் பெரிய உடம்புக்காரரான ஜவுளிக்கடைக்காரர் வலது பக்கம் உட்கார்ந்தால் மட்டும் நேராகப் போகும். அவருக்கு அக்கரையில் ஒரு வேலையும் இல்லாத நாளிலும் ஓடக்காரர் அவரைக் கடையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போவார். இன்னொன்று, தண்ணீர் குடிக்கும். ஏறுகிறவர்களில் ஒருத்தர் கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே வரவேண்டும். தாசில்தாரே வந்தாலும் மொள்ளத்தான் வேண்டும். அதனால் அதற்குக் 'குடிகாரி' என்று பேர். நம் வண்டி ஆசாரி அதைச் செப்பனிடுகிறேன் என்று பட்டையும் ஆணியும் அடித்து, சக்கரம் மட்டும்தான் வைக்கவில்லை.

குடிகாரியைத் திட்டாத வாய் நம் ஊரில் கிடையாது. எனக்கு மட்டும் அதன்மேல் ஒரு பிரியம். உங்க ஆத்தாளைப் பெண் பார்க்கப் போனது அதில்தான். புது வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஈரத்தோடு போய் மாமனார் வீட்டுப் பாயில் உட்கார்ந்தேன். எழுந்தபோது பாயில் என் உருவம் அப்படியே இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்புக்காரியைத்தான் கட்டுவேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். நல்லவேளையாக அது பெண்ணின் சிரிப்புத்தான். அவள் சித்தியின் சிரிப்பாக இருந்திருந்தால் உங்கள் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வருஷத்தில்தான் குடிகாரிக்கு ஓய்வு கொடுப்பது என்று ஊர் கூடி முடிவானது. புது ஓடம் ஒன்றுக்குச் சொல்லியாயிற்று, ஆடிக்குள் வந்துவிடும் என்றார்கள். அதுவரைக்கும் "தொலையட்டும் சனியன்" என்று திட்டிக்கொண்டிருந்த ஊருக்கு, முடிவான மறுநிமிஷமே அதன்மேல் பாசம் பொங்கிவிட்டது. சாகப்போகிற பங்காளியைப் பார்க்க வருகிறவர்கள் மாதிரி ஒவ்வொருத்தராகத் துறைக்கு வந்து அதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நின்றவர் ஏட்டையா. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலேயே பென்ஷன் வாங்குகிற ஒரே ஆள். அதனால் ஓய்வு என்கிற விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"கன்னா பின்னாண்டு விட்டுறக் கூடாதுப்பா. இம்புட்டு வருஷம் சர்வீஸ் பாத்துருக்கு. முறைப்படி செய்யணும்" என்றார்.

முறைப்படி செய்தோம். சித்திரை வெயிலில் ஊரே வடம் பிடித்து ஓடத்தைக் கரையேற்றியது. மாட்டுப்பொங்கலுக்குக் காளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேய்த்துக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் முன்கொம்பில் துண்டு கட்டினார். வண்டி ஆசாரி அச்சுக்குப் போடுகிற வண்டி மையைப் பூசினார். பொங்கல் வைத்தோம். வாத்தியார் பேசினார், பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. ஓடக்காரரும் அழுதார். அவர் காலையிலேயே வேறு ஒன்றைக் குடித்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

ஓடக்காரர் மட்டும் கடைசியில் ஒன்று கேட்டார். "ஏட்டையா, இது பாட்டுக்குத் தண்ணியிலே ஓரமாக் கெடக்கட்டுமே? நானும் பாத்துக்கிட்டிருப்பேன்."

அவருக்கும் காரணம் ஒன்றும் தெரியாது, ஓடம் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசைதான். ஏட்டையா முறைத்தார்.

"தண்ணியிலேயா? ஏன்யா, பென்ஷன் வாங்குனவன் மறுபடி ஸ்டேஷன் வாசல்ல போயி நிக்கலாமா? மருவாதி என்ன ஆகுறது? ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. காஞ்ச எடத்துல, கூரைக்குக் கீழே, நிம்மதியா இருக்கணும்."

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வயதான காளையை நாம் சேற்றிலா கட்டுவோம்? வண்டியை மழையிலா நிறுத்துவோம்? மேட்டுக்குக் கொண்டுபோய், கல்லின்மேல் ஏற்றி, ஓலை வேய்ந்து கொடுத்தோம். சித்திரை, வைகாசி, ஆனி என்று அனல் காற்று அடித்தது. ஆனி முடிகிறபோது குடிகாரியின் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஏட்டையா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தீகளா, ஒடம்பு எளைச்சிருச்சு, ரெஸ்ட் எடுத்தா அப்பிடித்தான்" என்றார்.

எனக்கு வைகாசியில் கல்யாணம். அந்த வருஷம் மழை பிந்திப்போனதால் ஆற்றில் நடந்தே பெண்ணை அழைத்துவந்தோம். ஆடி பிறந்ததும், முழங்கால் தண்ணீரில் நடத்தியே திருப்பி அனுப்பினோம். ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தை எவர் கண்டுபிடித்தாரோ தெரியாது. அவருக்குக் கட்டாயம் கல்யாணம் ஆகியிருக்காது.

ஆடி நடுவில் மேற்கே பிடித்தது மழை. ஒரே ராத்திரியில் ஆறு கரைக்கு வந்துவிட்டது. புது ஓடம்? மரம் அறுத்தாகிறது, மரம் காய்கிறது, ஆசாரிக்குக் காய்ச்சல் என்று தினமும் ஒரு சேதி வந்ததே தவிர ஓடம் வரவில்லை.

இதில் எனக்கென்ன அவசரம் என்று கேட்பீர்கள். என் மாமனாருக்கு மேகமலையில் ஏலத்தோட்டம் குத்தகையில் இருந்தது. ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு மலையேறினால், காய் பறித்து, உலர்த்தி, தை மாசம்தான் இறங்குவார்கள். அதற்குள் நான் போய் அழைத்துவராவிட்டால் உங்க ஆத்தாளும் கூடவே மலையேறிவிடுவாள். ஆடியைத் தாங்கினதே பெரிசு. தை வரைக்கும் என்றால் நான் சாமியாராகியிருப்பேன், நீங்கள் இந்தக் கதையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பாலத்தைச் சுற்றிப் போகலாமே என்றால், அதற்கும் மாமனார் ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தார். பெண் எந்தத் துறையில் இறங்கி வந்தாளோ அதே துறையில்தான் திரும்பி ஏறவேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். அவருடைய தங்கை ஒருத்தி ஆடி முடிந்து பாலம் சுற்றிப் புருஷன் வீடு போனாளாம். போன நாளிலிருந்து சண்டையாம். அந்தத் தங்கையை எனக்குத் தெரியும். அவள் ஆகாயத்தில் பறந்து போயிருந்தாலும் சண்டைதான். ஆனால் அதை மாமனாரிடம் யார் சொல்வது?

ஆவணி முதல் திங்கட்கிழமை, நல்ல நேரம் பார்த்து, ஓடக்காரரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

"சித்தப்பு, இவளை எறக்கிருவமா?"

அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே. "ஏலே, அதைக் கேக்கத்தான் ஒருத்தன் வரமாட்டானாண்டு இருந்தேன்" என்றார்.

ஏட்டையாவுக்குச் சேதி எட்டி, ஓடி வந்தார். "ஓய்வுல இருக்கிறதைக் கூப்பிடக் கூடாதுப்பா. ரூல் இல்லே."

"ஏட்டையா, ஒரே ஒரு நடை. என் பொண்டாட்டியைக் கூட்டியாந்துட்டுத் திரும்பக் கூரைக்குக் கீழே வச்சிருவோம்."

"பொண்டாட்டிக்காகவா?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, ஸ்பெஷல் டூட்டிண்டு வச்சுக்குவோம்" என்று அனுமதித்தார்.

தட்டில் பழம், வெற்றிலை, பூ, ஒரு கூடை அதிரசம். நான் சலவை வேட்டி, அங்கவஸ்திரம். அக்கரையில் மாமனார், அவர் குடும்பம், ஊர்ப்பாதி. அவர்களுக்கு நடுவில் உங்க ஆத்தா, கையில் மூட்டையோடு, புறப்பட்ட கோலத்தில். ஓடத்தை இறக்கினோம், ஏறினேன், ஓடக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்கவில்லை.

"சித்தப்பு, காலு நனையுதே?"

"இவ எப்பவும் கொஞ்சம் குடிப்பாள்ள."

"இது கொஞ்சமா? கணுக்காலுக்கு வந்துருச்சு."

"ரொம்ப நாளாச்சுல்ல, தாகமா இருக்கும். மொண்டு ஊத்து."

மொண்டேன். கொட்டாங்கச்சியால் மொண்டு ஆற்றை வற்றவைக்கப் பார்ப்பவன் மாதிரி மொண்டேன். தண்ணீர் அடியிலிருந்து வந்தது, பக்கத்திலிருந்து வந்தது, முன்கொம்பிலிருந்தும் வந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி. கரையிலிருந்து ஒரு மாட்டுவண்டி நீளம்கூடப் போயிருக்கமாட்டோம். குடிகாரி அவசரமே படாமல், பெரிய மனுஷி பந்தியில் உட்காருகிற மாதிரி, நிதானமாகக் கீழே உட்கார்ந்தாள். நான் நின்றபடியே இடுப்பு வரைக்கும் போனேன், அப்புறம் மார்பு வரைக்கும். வெற்றிலை மிதந்தது, பூ மிதந்தது. அதிரசம் மிதக்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கரையிலிருந்து மாமனார் குரல் கேட்டது. "மாப்ளே! என்ன, குளிச்சிட்டு வாறீகளா?"

அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு.

வடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ரெண்டு பேரும் கரை சேர்ந்தோம். ஓடத்தின் கட்டுக்கயிறு வடக்கயிற்றில் மாட்டியிருந்ததால், ஓடம் அடித்துப் போகாமல் தண்ணீருக்குள்ளே அடியில் போய்ப் படுத்துவிட்டது. நான் ஈரத்தோடு நின்றபடி கத்தினேன்.

"மாமா! பாலத்தைச் சுத்தி வந்துர்றேன்!"

"வேண்டாம் மாப்ளே! அந்த வழி நமக்கு ஆகாது! தெரியும்ல?"

"அப்ப என்ன செய்ய?"

"வெள்ளிக்கெழம வெயிலேர்றதுக்குள்ளே வாங்க! இல்லேண்டா நாங்க மலைக்குப் போயிருவோம்! தையிலே பாப்போம்!"

அவர் சொன்னது ஏதோ சந்தையில் அடுத்த வாரம் பார்ப்போம் என்கிற மாதிரி இருந்தது. உங்க ஆத்தா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஊரில் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் துறைக்கு வந்து, உயிரோடிருந்தபோது அதைத் திட்டின வாயாலேயே, "கல்லு மாதிரி இருந்தாளே" என்று மூக்கைச் சிந்தினார்கள். ஏட்டையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னேன். ஓய்வுல இருக்கிறதை வேலைக்குக் கூப்பிட்டா இப்பிடித்தான். எங்க டிப்பார்ட்மெண்ட்ல ஒருத்தரு…" என்று தொடங்கினார். ஓடக்காரர் எழுந்து போய்விட்டார்.

கரும்பாலைக்காரர் மட்டும் வேறு கணக்கில் வந்தார். வெல்லம் காய்ச்சுகிற கொப்பரைக்கு அடியில் எரிக்க அவருக்கு எப்போதும் விறகு வேண்டும். எதைப் பார்த்தாலும் அது எவ்வளவு நேரம் எரியும் என்றுதான் பார்ப்பார். என் கல்யாணப் பந்தலின் கால்களையே அப்படிப் பார்த்தவர்.

"பழைய அயினி மரம். காஞ்சா நல்லா நின்னு எரியும். தண்ணி வடியட்டும், எடுத்துக்கிறேன்" என்றார்.

செவ்வாய் போச்சு, புதன் போச்சு. கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கப் போனால் மனசு அங்கே இல்லை. வெற்றிலை கிள்ளுகிறேன் என்று கொழுந்தையெல்லாம் கிள்ளிப்போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஓடத்தை வெளியே இழுத்து, உடைத்து, பலகைகளை எடுத்து, வாழைத்தண்டுகளோடு சேர்த்துக் கட்டி ஒரு தெப்பம் செய்தால் என்ன? துறையும் அதுதான், வழக்கமும் கெடாது. மிச்சக் கட்டை ஆலைக்காரருக்கு.

ஓடக்காரரிடம் சொன்னேன்.

"உடைக்கணுமா?"

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க சித்தப்பு."

"என்கிட்ட என்ன வழி இருக்கு? ஆனா முதல் வெட்டு நான் போடமாட்டேன். நீயே போட்டுக்க."

வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீர் கொஞ்சம் இறங்கி, ஓடத்தின் விளிம்பு வெளியே தெரிந்தது. நான், ஓடக்காரர், ஆலைக்காரர் மூணு பேரும் இறங்கினோம். ஆலைக்காரர் தோளில் கோடாலி. உள்ளே தண்ணீர் நிறைந்த ஓடத்தை இழுத்தால் அசையவில்லை. முதலில் மொண்டு கொட்டினால்தான் கரைக்கு வரும் என்று, மண்ணெண்ணெய் டின்களை வைத்துக்கொண்டு மொண்டோம். மொள்ள மொள்ள அது மேலே வந்தது.

"போதும், இழுங்கப்பா. மறுபடி ரொம்பிரும்" என்றார் ஆலைக்காரர்.

இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தோம். ஆலைக்காரர் கோடாலியை என் கையில் கொடுத்தார். நான் உள்ளே ஏறி, எந்தப் பலகையில் தொடங்கலாம் என்று குனிந்து பார்த்தேன். அடியில் மொள்ளாமல் விட்ட ஒரு கை அளவு தண்ணீர் இருந்தது. அது ஏறும், ஏறும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஏறவில்லை.

"என்னப்பா யோசனை? போடு!"

"அண்ணே, தண்ணி வரலேண்ணே."

"எது வரலே?"

"உள்ளே. உள்ளே தண்ணி வரலே."

ஆலைக்காரரும் ஏறிப் பார்த்தார். விளக்கைக் கொளுத்தி இடுக்கு இடுக்காகப் பிடித்துப் பார்த்தார். விரல் போன இடத்தில் இப்போது நகம்கூடப் போகவில்லை. பலகைகள் ஊறி, உப்பி, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. என் வயதில் குடிகாரி இவ்வளவு இறுக்கமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"இது நம்ம ஓடந்தானா, இல்லே வேற எவனோடதாச்சும் அடிச்சுக்கிட்டு வந்துச்சா?" என்றார் ஆலைக்காரர்.

ஓடக்காரர் ஏறி, வலது பக்கம் ஒரு பலகையைத் தட்டி, இடது பக்கம் ஒரு பலகையைத் தட்டி, பிறகு நடுவில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். "அடி நாசமாப் போறவளே! காய வச்சுத்தான்டி உன்னைக் கொன்னோம்! முழுகிப் பொழச்சுக்கிட்டியே!" என்றார். அவர் கண்ணிலிருந்து வடிந்தது அன்றைக்குக் குடித்ததனால் இல்லை. அன்றைக்கு அவர் ஒன்றும் குடித்திருக்கவில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். மாட்டைப் போற்றத் தெரிந்த ஊர், வண்டியைப் போற்றத் தெரிந்த ஊர். மரத்துக்குத் தண்ணீரும் ஒரு தீனி என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சேதி கேட்டு வந்த ஏட்டையா ஓடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான்தானே ஸ்பெஷல் டூட்டி போட்டேன்?" என்றார்.

ஆலைக்காரர் கோடாலியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் முந்தி நீ போட்டிருந்தா இந்நேரம் என் அடுப்பு பத்தியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாலும், வெள்ளிக்கிழமை விடியலில் முதல் ஆளாகத் துறைக்கு வந்து கயிற்றைப் பிடித்தவர் அவர்தான்.

அக்கரையில் மூட்டை முடிச்செல்லாம் மட்டக்குதிரைகள்மேல் ஏறிவிட்டிருந்தன. மாமனார் குடையும் கையுமாக நின்றார். ஓடம் வருவதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை வைத்து, பறிப்புக்கு ஒரு ஆள் குறைகிறதே என்கிற வருத்தம் அவருக்கு இருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அவர் இல்லை என்பார்.

"வந்துட்டீகளே மாப்ளே" என்றார்.

"வரச் சொன்னீகளே மாமா" என்றேன்.

உங்க ஆத்தா ஒரு காலை ஓடத்தில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள்.

"முழுகுமா?"

"திங்கக்கெழமையிலிருந்து முழுகித்தான் கெடந்துச்சு. அதுக்கு அலுத்துப்போச்சு. ஏறு."

ஏறி உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை கொட்டாங்கச்சியைத் தேடியது. மொள்ள ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடு ஆற்றில் ஓடம் வழக்கம்போல இடது பக்கம் இழுத்தது.

"வலது பக்கம் தள்ளி உக்காரு" என்றார் ஓடக்காரர்.

தள்ளி உட்கார்ந்தாள். ஓடம் சட்டை செய்யவில்லை.

"நான் பத்தமாட்டேன் போல. எங்க அய்யாவையும் கூட்டியாந்துருக்கணும்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஓடக்காரருக்குக் கேட்காத மாதிரி, "திங்கக்கெழம நான் சிரிக்கலே" என்றாள்.

"சிரிச்சே. எனக்குக் கேட்டுச்சு."

"மொதல்ல சிரிச்சேன். பெறகு சிரிக்கலே."

அந்தக் கணக்கை நான் ஒத்துக்கொண்டேன்.

குடிகாரி அந்த ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூணு மாசமும் ஊரை ஏற்றி இறக்கியது. அறுப்புக் காலம், கல்யாணம், சந்தை எல்லாம் நடந்தது. மொள்ளுகிற வேலை இல்லாததால் ஓடத்தில் ஏறியவர்களுக்குப் பேச நேரம் கிடைத்து, அதனால் ரெண்டு பெரிய சண்டைகள் உண்டாயின. கார்த்திகையில் புது ஓடம் வந்தது. தார் பூசி, பளபளவென்று, நேராகப் போகிற ஓடம். ஜவுளிக்கடைக்காரருக்குத் துறையில் வேலை போய்விட்டது.

ஏட்டையா மறுபடி வடம் பிடிக்க ஊரைக் கூட்டினார்.

"ஏட்டையா, தண்ணியிலே கெடக்கட்டும். போன தடவைதான் பாத்தோமே" என்றேன்.

"அது வேலைக்குக் கூப்பிட்டதாலே வந்த கோளாறுப்பா. இனிமே யாரும் கூப்பிடமாட்டாக. இந்தத் தடவை கூரையை இன்னும் நல்லா அடைச்சுக் கட்டுவோம்" என்றார். ஊரும் தலையாட்டியது. ஓடக்காரர் புது ஓடத்தில் இருந்ததால் அவரைக் கேட்கவில்லை. மறுபடி மஞ்சள், குங்குமம், துண்டு, பொங்கல். வாத்தியாருக்குப் போன தடவை பேசினதே மனப்பாடமாக இருந்தது, அதே இடத்தில் தொண்டையும் அடைத்தது. வெயிலும் காற்றும் மழையும் படாமல் நாலு பக்கமும் ஓலை வைத்துக் கட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் கொடிக்காலில் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். உங்க ஆத்தா, "இந்நேரத்திலா?" என்றாள். ரெண்டு மண்ணெண்ணெய் டின்களைக் காவடியில் மாட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. ஆற்றில் மொண்டு, மேட்டில் ஏறி, ஓலையை ஓரமாக விலக்கி, ஓடத்துக்குள்ளே ஊற்றினேன். திரும்ப இறங்கி மொண்டேன். அடிப்பலகையெல்லாம் நனைந்து, தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்கிற வரைக்கும் ஊற்றினேன். கீழே குனிந்து, கல்லுக்கும் பலகைக்கும் நடுவே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டும் ஒழுகாமல் காய்ந்திருந்தது. ஓலையைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, காலி டின்களோடு வீட்டுக்கு வந்தேன்.